வெங்கடம்மாவின் சாவி இல்லாத லாரி

கூட்டம் குறைந்த ஒரு பகல் வேளையில் வெங்கடம்மா மீசேவா மையத்துக்குள் வந்து, நான்காக மடித்த ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார். ஆந்திர எல்லையில் சத்தியவேட்டில் இருக்கும் அந்த அரசு சேவை மையத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் பதிவது என் வேலை. தெலுங்கு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவதும் நாளடைவில் அதோடு சேர்ந்துகொண்டது.

“இத்தப் படிச்சி சொல்லு பாப்பா. என் வண்டி பேரு எங்க கீது?” என்றார்.

மேலே அரசு முத்திரை, கீழே ஊதா மையில் கையெழுத்து. நடுவில் இருந்த தெலுங்கை இரண்டு முறை படித்தேன்.

“அக்கா, இதுல வண்டியே இல்ல.”

“வண்டி இல்லியா? அப்ப இன்னாதான் கீது?”

“மாடுங்களுக்குக் கோமாரி தடுப்பூசி போடறாங்களாம். புதன்கிழமை எல்லாரும் மாட்ட ஓட்டிக்கினு வரணுமாம்.”

“நல்லாப் பாரு. ஜப்தின்னு எங்கியாச்சும் கீதா?”

“இல்லக்கா.”

“ராணுவம்னு?”

“இல்ல. எருமைன்னு கீது.”

அவர் தாளைத் திருப்பி, எழுத்தே இல்லாத பின்பக்கத்தையும் ஒரு முறை பார்த்தார்.

“இந்த எருமைத் தாளக் காட்டித்தான் பாப்பா, நேத்து என் லாரியத் தள்ளிக்கினு போனானுங்க. நம்ம ஜனமே கூட சேந்து தள்ளிச்சி. பக்கத்து வூட்டு ரங்கையா வெறும் வயித்தோட தள்ளினானாம். அதுக்கு நான் அவனுக்கு மோரு குடுக்கணுமாம்.”

“லாரி போயிடுச்சாக்கா?”

“அது எங்க போவும்? வூட்டாண்டதான் நிக்குது. ஆனா வந்தவன் மறுபடி வருவான். கேஸு எழுது. தெலுங்குல எழுது. அப்பத்தான் எஸ்.ஐ. முழுசாப் படிப்பாரு.”

அன்று வரை அவரைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கரும்பச்சை நிறத்தில், மூக்கு நீண்ட பழைய ராணுவ லாரி ஒன்று கடைத்தெருவில் வந்தால் ஆட்டோக்கள் தாமாகவே ஒதுங்கும். அதன் உயரமான இருக்கையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். மனு எழுதுவதற்காகக் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய வாழ்க்கை எனக்குத் தெரிந்தது.

வெங்கடம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய பெற்றோர் சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். ஆறு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. மூத்தவர் தேவேந்திரன் ராணுவத்தில் டிரைவராக இருந்தார். ஓய்வு பெற்றதும், தான் ஓட்டிய அதே வகை ஒரு டன் பெட்ரோல் லாரியை ஏலத்தில் எடுத்து ஊருக்கு ஓட்டி வந்தார். முன்பக்கம் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் உள்ள வண்டி. சேற்றில் மாட்டிய டிராக்டர், ஏரிக்கரையில் சரிந்த டிப்பர், எதுவானாலும் இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். ஐந்தாம் வருஷம் அவர் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்துவிட்டார். லாரி ஒரு வருஷம் அசையாமல் நின்றது. பிறகு ஒரு நாள், அதுவரை களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த வெங்கடம்மா அதில் ஏறி உட்கார்ந்தார்.

கணவர் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டவர். அண்ணனும் தங்கையும் அந்த லாரியை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அது போனால் அவர் மறுபடியும் களைக்கொத்தோடு கழனிக்குப் போக வேண்டும். அண்ணனின் மருந்தும் படுக்கைப்புண்ணுக்கு வரும் நர்ஸும் நின்றுபோகும். இதை அவர் மனுவில் எழுதச் சொல்லவில்லை. “அதெல்லாம் போலீசுக்கு எதுக்கு?” என்றார்.

நடந்தது இதுதான். அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. சண்டையில் எந்த டிரைவர் எந்த வண்டியில் ஏறினாலும் உடனே கிளப்ப வேண்டும் என்பதால் வெறும் சுவிட்ச்தான் வைத்திருப்பார்கள் என்று தேவேந்திரன் சொல்வார். அதனால் வெங்கடம்மா வண்டியை நிறுத்திவிட்டு எங்கே போனாலும் இரண்டு வேலை செய்வார். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார். பிறகு, என்ஜினின் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தருகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டார் என்ற சின்னத் துண்டை எடுத்து வெற்றிலைப் பையில் போட்டுக்கொள்வார். இந்த இரண்டும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவர் ரேஷன் வாங்கப் போன நேரம் பார்த்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வேனில் வந்தார்கள். கையோடு ஒரு பேட்டரியும் ஒரு ரோட்டாரும் கொண்டுவந்தார்கள். தாளைக் காட்டி, ராணுவ வண்டியை ஜப்தி செய்ய உத்தரவு என்று தெலுங்கில் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் தெலுங்கு சரளமாகப் பேசுவார்கள், சந்தையில் பேரமே அதில்தான். ஆனால் முத்திரை அடித்த தெலுங்குத் தாளை யாரும் படிப்பதில்லை. முத்திரையைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்வார்கள். வீட்டுக்குள் படுத்தபடி தேவேந்திரன் போட்ட சத்தத்தை, “அவரு எப்பவுமே அப்படித்தான் சார்” என்று ரங்கையா சமாளித்துவிட்டார். சுவிட்சைப் போட்டார்கள். வண்டி உறுமியது, கிளம்பவில்லை. தள்ளினால் கிளம்பும் என்றார்கள். எட்டுப் பேர் தள்ளினார்கள்.

பத்தடிக்கு ஒரு முறை சைலன்சரில் வேட்டு வெடித்தது. கோழிகள் கூரை ஏறின. ஒவ்வொரு வெடிக்கும் தள்ளுகிறவர்கள், “இதோ கெளம்பிடுச்சி” என்று இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். ஷேர் ஆட்டோவில் அரிசிப் பையோடு வந்த வெங்கடம்மா, தன் லாரி தனக்கு எதிரே வருவதைப் பார்த்தார்.

“எங்க தள்ளிக்கினு போறீங்க?”

“கவர்மெண்டுக்கு” என்றார் ரங்கையா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் யாரையும் திட்டவில்லை. டிரைவர் இருக்கையில் இருந்தவனை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினார், கியரைப் போட்டார், கை பிரேக்கை இழுத்தார். பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து நிதானமாகப் போட ஆரம்பித்தார். “ஆபீசர் யாரோ அவர வரச்சொல்லு. நான் துன்னுட்டு இங்கியே குந்திக்கினு இருக்கேன்” என்றார். போலீசோடு வருகிறோம் என்று வேன் போனது. தாள் ரங்கையாவின் கையில் தங்கிவிட்டது.

மனுவை எடுத்துக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்கு நானும் போனேன். எஸ்.ஐ. முழுசாகத்தான் படித்தார்.

“சாவி யார்கிட்ட இருந்தது?”

“சாவி கெடயாது சார்.”

“தொலைஞ்சிடுச்சா?”

“பொறக்கும்போதே இல்ல சார்.”

பேட்டரியும் ரோட்டாரும் இருந்தும் ஏன் கிளம்பவில்லை என்று அவர் கேட்டபோது வெங்கடம்மா மனுவைப் பார்த்துக்கொண்டே நின்றார். “வயசான வண்டி சார்” என்றார். வேன் நம்பர் பொய் நம்பர். அந்த இரண்டு பேரும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடம்மா என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். லாரியின் முன்பக்க மூடியைத் தூக்கிக் காட்டினார். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஆறு பிளக்குகளுக்கும் ஆறு கறுப்பு ஒயர்கள் போகின்றன. எல்லாம் ஒரே தடிமன். நடுவில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து சைக்கிள் டியூபால் சுற்றியிருந்தார். எந்த ஒயர் உள்ளே போய் எந்த ஒயராக வெளியே வருகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் செருகியிருக்கும் ஒயர்களில் நான்கை இடம் மாற்றிவிடுவார். ஒவ்வொரு முறையும் வேறு நான்கு. ஊருக்குத் தெரியாத மூன்றாவது வேலை இதுதான்.

“எழுதி வெச்சிக்குவீங்களாக்கா?”

“எழுதினா எவனாச்சும் படிப்பான்ல.”

பிளக்குகளுக்கு மின்சாரம் போக ஒரு வரிசை உண்டு. முதலாவது, ஐந்தாவது, மூன்றாவது, ஆறாவது, இரண்டாவது, நான்காவது. எண்கள் அவர் மனதில் நிற்கவில்லையாம். அதனால் அதைச் சாப்பாட்டுப் பந்தியாக்கிக்கொண்டார். முதல் சோறு பெரியண்ணன் தேவேந்திரனுக்கு. இரண்டாவது சோறு ஐந்தாவது பிள்ளையான வெங்கடம்மாவுக்கு. பிறகு மூன்றாவதாகப் பிறந்த அண்ணன், கடைக்குட்டி பாபு என்று போகும்.

“எங்கூட்ல பாப்பா, எல்லாம் துன்னு முடிச்சி பானை சொரண்டும்போதுதான் எனக்கு. இங்க மட்டும் ரெண்டாவது எலை எனக்கு” என்றார், ஒயரைத் தட்டி.

வண்டியை நிறுத்திய பிறகு யார் யாரோடு இலை மாற்றிக்கொண்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைப்பார். அன்று என்னோடு பேசிக்கொண்டே, என்ஜினைப் பார்க்காமலே, ஒரு நிமிடத்துக்குள் நான்கு ஒயர்களை மாற்றினார். உள்ளேயிருந்து தேவேந்திரன், “இன்னிக்கி என்ன யாரோட மாத்தின?” என்று கேட்டார். “உன்ன இன்னிக்கி பட்டினி போட்டேன், கம்முனு படு” என்றார் இவர். நான் இரண்டு மொழியில் தேர்வு எழுதித் தேறியவள். அந்த நான்கு எவை என்று பக்கத்தில் நின்று பார்த்தும் என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒயரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அதன் பிறகு பல முறை போனேன். ஒரு மழைநாளில், கரையிலிருந்து பாதி சரிந்து நின்ற சிமெண்ட் லாரியை அவர் இழுப்பதையும் பார்த்தேன். நனைந்துகொண்டே இரும்புக் கயிற்றைத் தோளில் போட்டு இறங்கி, கொக்கி மாட்டி, ஏறி வந்தார். கூடியிருந்த ஆண்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். “சொல்லி முடிச்சிட்டீங்களா, நைனா?” என்று கேட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். அந்தப் பெரிய வண்டி ஒரு பிள்ளை எழுந்து நிற்பதுபோல் மெல்ல நிமிர்ந்தது.

சென்ற மாசியில் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. திருப்பதியில் ஆபரேஷன், நான்கு நாள் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் அண்ணன் மட்டும்தான் இருப்பார் என்பது நாலு ஊருக்கும் தெரிந்துவிட்டது. முதல் நாள் மாலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. ரோட்டாரை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“மயக்க ஊசி போட்டா மனசுல கீறது எல்லாம் வாயில வந்துடுமாம். ரங்கையா பொண்டாட்டி சொல்றா. கூட வர்றதும் அவதான்” என்றார். “நான் மாத்தி வெச்சது எனக்குத் தெரியும். அதனால அது வேணாம். நான் உள்ள போயி அண்ணனாண்ட குந்திக்கிறேன். நீ ஒண்டியா நின்னு நாலு பேர மாத்து. எந்த நாலுன்னு எங்கிட்டகூட சொல்லாத பாப்பா. நான் நல்லபடியா திரும்பி வந்து என் வாயால கேட்டா மட்டும் சொல்லு.”