மெசினைத் திருப்பிக் கொண்டுவரும் ஜெயரூபி

தையல் மெசினை ஓட்டோவிலிருந்து இறக்குவது சாரதி ஸப்வானின் வேலை. தென்னை மரத்தடியில் வைத்து அதற்குக் குடை கட்டுவது ஜெயரூபியின் வேலை. குடை அவருக்கில்லை, மெசினுக்குத்தான். கட்டி முடித்ததும், வேலிக்கு அப்பால் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் அண்ணன் கனகசுந்தரத்துக்குக் குரல் கொடுப்பார்.

"அண்ணா, நீங்கள் தந்த சீதனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தனான். வந்து எடுங்கோ!"

அண்ணன் கோப்பையோடு உள்ளே ஓடிவிடுவார். இறக்கக்கண்டியில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் விடிகிறது.

சங்கதி பெரிதொன்றுமில்லை. அப்பா விட்டுப்போனது அந்தத் தென்னங்காணி, பிள்ளைகள் இருவர். முழுக் காணியையும் தன் மகனுக்கு எழுதப் போன கனகசுந்தரத்திடம், தங்கையின் கையெழுத்தும் வேண்டும் என்றுவிட்டார் நொத்தாரிசு. கையெழுத்து வாங்கப் போன அண்ணன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சீதனம் வாங்கின பிள்ளைக்குக் காணியில பங்கில்லை. உனக்கு அப்பவே மெசின் தந்தாச்சு."

"அப்பிடியெண்டால் மெசினை நீங்களே வச்சிருங்கோ. எனக்குப் பாதிக் காணியைத் தாங்கோ."

அன்று தொடங்கிய ஊர்வலம் இது. மெசினைத் தொட்டால் பாதிக் காணி போய்விடும் என்று அண்ணனுக்கு நடுக்கம். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். ஜெயரூபிக்கு வீடு கொடுக்க அப்பாவுக்கு வசதி வரவில்லை. இன்றைக்கும் அவர் திருகோணமலை ரவுனில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். பாதிக் காணி கிடைத்தால் அதில் ஒரு கல்வீடு கட்டவேண்டும் என்பது ஆசை. குசினி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

"பொம்பிளையளுக்குக் காணி எதுக்கு?" என்று அண்ணன் ஒருமுறைதான் கேட்டார். கேட்ட இடம் மனைவி புஷ்பவதிக்குச் சீதனமாக வந்த வீடு. "அப்ப என்ர வீட்டைவிட்டு இறங்குங்கோவன்" என்றார் புஷ்பவதி. பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

மெசின் சும்மா நிற்குமா? ஊர்ச் சனம் கிழிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கியது. நானும் போவேன். வாய் நிறையக் குண்டூசியோடு என் சட்டையையும் திருத்துவார், என் அரசியலையும் திருத்துவார். தலையில் தேங்காய் விழப்போகிறது என்று சொன்னால், "விழட்டும், அதிலயும் பாதி என்ர" என்பார். இந்த மனுஷியை எனக்கு நிரம்பப் பிடிக்கும். இவருடைய அண்ணனாகப் பிறக்காமல் தப்பினேன் என்ற நிம்மதியும் உண்டு.

போன ஞாயிறு கனகசுந்தரம் கந்தளாயில் ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டும். புதிதாக வாங்கிய நீளக் காற்சட்டை நிலத்தைக் கூட்டியது. "பக்கத்தில தையல்காரி இருக்கேக்க ரவுனுக்கு ஏன் ஓடுறியள்?" என்று கேட்ட புஷ்பவதி, காற்சட்டையை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டார். ஜெயரூபி மறுபேச்சில்லாமல் தைத்து, மடித்து, வேலிக்கு மேலாலேயே திருப்பிக் கொடுத்தார்.

சற்றுநேரத்தில் கனகசுந்தரம் வேலியோரம் வந்து நின்றார். வலது கால் அளவெடுத்ததுபோல அச்சாவாக இருந்தது. இடது கால் பழையபடி மண்ணில் இழுபட்டது.

"இதென்ன கோதாரி? மற்றக் கால்?"

ஜெயரூபி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள்தான் அண்ணா. ஆனால் வலது கால் மூத்தது. அதால எல்லாத் தையலையும் அதுக்கே குடுத்திட்டன். இடது காலுக்குப் பங்கில்லை. அதுக்கு அப்பவே ஒரு பொத்தான் தந்தாச்சு."

விறாந்தையில் புஷ்பவதி சிரித்த சிரிப்பில் ஸப்வான் ஓட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தார். கனகசுந்தரம் சிரிக்கவில்லை. குனிந்து இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கலியாண வீட்டுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஜெயரூபி கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை எடுத்தார். சட்டை அளக்கிற நாடா, காணிக்கு எந்த மூலைக்குக் காணும்? அதன் ஒரு நுனியை அண்ணனின் பக்கம் நீட்டினார்.

கனகசுந்தரம் ஒரு கையால் இடது காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்து வந்தார். மற்றக் கையால் நாடாவின் நுனியை வாங்கி, எல்லைக் கல்லின்மேல் வைத்து அமர்த்திப் பிடித்தார்.