சிவப்பு வட்டம்

தீவு நாட்டுத் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியில், பெண்களுக்கு வேலைக்கு வழிகாட்டும் எங்கள் அலுவலகத்தில் கேவுவா வாகி பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து மேசை. கடலோரத்து மோட்டு இனத்துக்காரி. வாய் ஓயாது. வேலை தேடி வந்த பெண்ணுக்குத் தன் செருப்பையே கழற்றிக் கொடுத்து நேர்காணலுக்கு அனுப்பியவள்.

அந்தச் செருப்பைப் போட்டுப் போனவள் டோர்கஸ் வைனே. சிம்பு மலைநாட்டுக்காரி, இங்கே குன்றின்மேல் தகரக் குடிசையில் இருந்தாள். தட்டச்சில் அவள் விரல்கள் பறக்கும். ஆனாலும் இரண்டு வருஷத்தில் ஒன்பது கம்பெனிகள் அவளை வேண்டாம் என்றுவிட்டன.

"தலையக் குனிஞ்சுக்கிட்டே பேசினா எவன் வேலை குடுப்பான்? சத்தமாப் பேசு, தங்கச்சி" என்பாள் கேவுவா. டோர்கஸும் தலையாட்டிவிட்டுப் போவாள்.

ஒருநாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குக்கு வேறு வேலையாகப் போனாள் கேவுவா. அங்கே குமாஸ்தா ஒருத்தி நாங்கள் அனுப்பிய விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிலதை மேசையில் வைத்தாள். சிலதைப் படிக்காமலே குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஏம்மா, அதெல்லாம் ஏன் குப்பைக்குப் போகுது?"

"நீங்கதானே அக்கா குறி போட்டு அனுப்புறீங்க? சிவப்பு வட்டம் இருந்தா குன்று மேல குடிசைக்காரங்க. முதலாளி வேணாம்னுட்டார். எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான்."

கேவுவா அப்படியே பக்கத்திலிருந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாளாம். அந்த வட்டத்தைப் போட்டவளே அவள்தான். குன்றிலிருந்து வரும் பெண்களுக்கு வேன் செலவு கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட அடையாளம் அது. அவள் வந்து சொன்ன அன்றே வட்டம் போடுவதை நிறுத்தினோம். நானும் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன்.

மறுநாள் கேவுவா டோர்கஸை வரச்சொல்லி, ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்போ எனக்குப் பேச வராததால இல்லையா? தினமும் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகினேனே அக்கா... என் பிள்ளைங்க கூடச் சிரிச்சுதுங்க."

கேவுவா அழுதாள். டோர்கஸ் அழவில்லை. "என்னைத் திருத்தினது போதும். அவங்களப் போய்த் திருத்துங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

கேவுவா உண்மையிலேயே போனாள். ஒரு வாரம் குன்றிலிருந்து பெண்களோடு வேனில் வந்தாள். முதல் வேன் எத்தனை மணிக்கு, பிள்ளையை யார் பார்ப்பது, எந்தத் தெருவில் கைப்பையைப் பறிப்பார்கள், வேலைக்குப் போனால் எந்த மாமன் சண்டைக்கு வருவான் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். அதைத் தூக்கிக்கொண்டு, இதற்கெல்லாம் வழி செய்து வேலை கொடுங்கள் என்று கம்பெனி கம்பெனியாக ஏறினாள். கிடங்கு முதலாளி வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார். ஒரு கப்பல் அலுவலகம் மட்டும் வேன் வரும் நேரத்துக்கு ஏற்ப வேலை நேரத்தைத் தள்ளிவைத்தது.

டோர்கஸ் இப்போது அங்கேதான் தட்டச்சு செய்கிறாள். மன்னித்துவிட்டதாக அவள் சொன்னதே இல்லை. கொக்கி என்ற கடலோரச் சந்தையில் கேவுவா எதிர்ப்பட்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அந்த இரண்டு வார்த்தை பேசிய நாள்களில் கேவுவாவுக்கு அந்த வட்டம் நினைவுக்கு வந்துவிடும்; மத்தியானம் சாப்பிட மாட்டாள்.