பதினொரு தடவை பார்த்த கோல்

தொண்ணூற்றேழாம் ஆண்டாக இருக்க வேண்டும்; தொண்ணூற்றெட்டாகவும் இருக்கலாம். சிட்னியில் கிரவீனில் வீடு வாங்கிக் குடிபுகுந்த அடுத்த குளிர்காலம் என்பது மட்டும் நிச்சயம். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் வருடா வருடம் நடக்கும் உதைபந்தாட்டத்தில் அந்த முறை நாங்கள் தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை. தோற்ற விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தார் ரோட்டுத்தான். யுத்தத்தில் இரண்டு பக்கமும் இடம்பெயர்ந்து, கப்பல் ஏறாத குறையாக உலகம் சுற்றி சிட்னிக்கு வந்து சேர்ந்த பிறகும், அந்த ரோட்டை மட்டும் நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. பெண் கொடுப்போம், எடுப்போம், செத்த வீட்டுக்கும் போவோம். ஆனால் பந்து என்று வந்துவிட்டால் உறவும் இல்லை, பகிடியும் இல்லை.

இந்த ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு: அவரவர் பிறந்த ஊருக்குத்தான் விளையாட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குக் குடிபோவார். எங்கள் கோல் கீப்பரும் அப்படிப் பக்கத்து ஊரில் பெண் எடுத்து, அங்கே பத்து வருடம் இருந்தவர். சிட்னியில் டாக்சி ஓட்டினார். நாற்பதைத் தொட்டும், எங்கள் கோலை அவரை நம்பித்தான் விட்டிருந்தோம். மற்றக் கீப்பர் வேலை மாறி மெல்பேர்ன் போய்விட்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்களுடைய புது இளைஞன் ஒருவன் தூரத்தில் இருந்து சும்மா தட்டிய பந்து, புல்லில் உருண்டு உருண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி குனிந்து எடுக்கக்கூடிய பந்து. எங்கள் கீப்பர் குனிந்தார், இரண்டு கையையும் நீட்டினார், பந்து அவர் கைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வலைக்குள் விழுந்தது. விசில் ஊதியதும் அவர்களுடைய கப்டன் தன் ஆட்களோடு துள்ளப் போகாமல் நேரே வந்து எங்கள் கீப்பரின் தோளில் கையைப் போட்டார். எல்லாம் என் கமெராவுக்குள் இருந்தது.

நான் ஒரு சந்தேகப் பிராணி, மறைக்கவில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சாமி கும்பிடும்போதும் அரைக்கண்ணால் செருப்பைப் பார்க்கிற மனிதன் என்று என் மனைவி சொல்வாள். அந்தக் கோயில் வாசலில்தான், ஆட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் கீப்பரும் எதிரூர்க் கப்டனும் ஒரே காருக்குள் இருந்து, ஒரு தாளை விரித்துவைத்துக் கதைத்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். என்னைக் கண்டதும் தாளை மடித்துவிட்டார்கள். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோல் விழுந்த பிறகு அந்தத் தாள் என் மண்டைக்குள் விரியத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் ஊர் ஆட்கள் என் வீட்டு ஹோலில் கூடினார்கள். கதிரை போதாமல் கம்பளத்தில் இருந்து வீடியோவைப் பார்த்தோம். கோலை மெதுவாக ஓட்டினோம், நிறுத்தினோம், பின்னுக்கு இழுத்தோம். நான் மட்டும் பதினொரு தடவை பார்த்திருப்பேன். கை பந்துக்குப் போகவில்லை, வேண்டுமென்றே வெறும் புல்லுக்குப் போகிறது என்று தீர்ப்புச் சொன்னோம். இடையிடையே எதிரூர்க் கப்டன் கோலுக்கு முன்னால் பந்தோடு வந்தும் அடிக்காமல் பக்கத்தில் தட்டிவிடுவது வரும். கிழடாகிவிட்டார், காலில் தைரியம் இல்லை என்று சிரிப்போம்.

இரண்டு கிழமை கழித்து வந்த செய்தி எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தியது. எங்கள் கீப்பர் டாக்சியை விட்டுவிட்டாராம். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் வேலையாம். அங்கே மேற்பார்வையாளர் யார்? எதிரூர்க் கப்டன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள், பத்து வருடம் அந்த ஊர் உப்பையல்லவா தின்றவர் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் சொன்னார், “கோலை விட்டவருக்குப் பாண். நல்ல பேரம்.” அதையும் சிரித்துச் சிரித்து நாலு வீட்டுக்குப் பரப்பினோம்.

நான் வேலை செய்த பட்டறையில் அயர்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். விளங்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனிதர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் நாட்டில் கேலிக் உதைபந்தாட்டம் என்று ஒன்று இருக்கிறது; பந்தைக் கையால் பிடித்தும் ஓடலாம், காலால் உதைத்தும் அடிக்கலாம், கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. நமக்கு மாவட்டம் மாதிரி அவர்களுக்குக் கவுண்டி. அவருடைய கவுண்டி ஒரு முறை பக்கத்துக் கவுண்டியிடம் ஒரே புள்ளியால் தோற்றுச் சாம்பியன் போட்டியில் இருந்து வெளியேறியதாம். கடைசி நிமிடத்தில் பந்தைக் கைநழுவ விட்ட தடுப்பாட்டக்காரனின் தாய், பக்கத்துக் கவுண்டிக்காரி. இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் சிட்னியில் உள்ள அவருடைய கவுண்டிக்காரர்கள் வருடத்தில் ஒரு நாள் கூடியிருந்து அந்த ஆட்டத்தை வாயாலேயே முதலில் இருந்து ஆடி, கடைசியில் அந்தத் தாயில் கொண்டுபோய் முடிப்பார்களாம். பந்தை விட்டவன் இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அதற்குப் பிறகு இவர் அவனோடு பேசவில்லை.

“எப்போதும் எல்லைக்கு அப்பால் சொந்தம் உள்ளவன்தான்,” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வெள்ளைக்காரனும் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று ஹோலில் போய்ச் சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கீப்பரும் அவர் மனைவியும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்குச் சொல்ல வந்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் கார்டைத் தபாலில் போட்டால் போதாது; புருசனும் பெண்சாதியும் குங்குமச் சிமிழோடு நேரில் வந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆட்கள் ஒருவரும் போவதில்லை என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம்.

மனைவி உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் கண்ணுக்கு நேரே பார்த்துப் பேசுகிறவர், இப்போது என் காதைப் பார்த்துப் பேசினார். தலையைச் சரித்து, சுவரைப் பார்த்து, கதவைப் பார்த்து. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். கார்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. எழும்பிப் போய் வீடியோவைப் போட்டேன்.

“தம்பி, இதைப் பாத்திட்டு உண்மையைச் சொல்லும்,” என்றேன்.

குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற மனைவி, “இஞ்சேருங்கோ, வீட்டுக்குச் சொல்ல வந்த ஆக்களோட என்ன இது?” என்றாள். நான் கேட்கவில்லை. பந்து உருண்டது. அவர் டிவிக்குப் பக்கத்தில் இருந்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னுக்கு வந்து, தலையை இன்னும் சரித்தார். பிறகு மிக மெதுவாக, “பந்து இப்ப எந்தப் பக்கம் நிக்குது, அண்ணை?” என்று கேட்டார்.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேரே பார்த்தால் நடுவில் புகை மாதிரி ஒரு வட்டம். சரிந்து பார்த்தால் ஓரத்தால் கொஞ்சம் தெரியும். எதிரூர்க் கப்டனின் அண்ணனுக்கும் இதே கண் வருத்தம். அதனால் இவர் தலையைச் சரிப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அந்தக் கப்டன்தான். அந்த வெள்ளிக்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். திரும்பும் வழியில் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். நான் கண்ட தாள் டாக்டர் கொடுத்தது. இனி வாகனம் ஓடக்கூடாது என்று அதில் இருந்தது. அன்று பின்னேரமே இவர் டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“விளையாட வேண்டாமெண்டுதான் கப்டன் சொன்னவர். எங்கட ஊருக்கு வேற கீப்பர் இல்லையே அண்ணை. பெரிய பந்துதானே, தெரியுமெண்டு நினைச்சன்.” பிறகு சொன்னார்: “அவர் தன்ர ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா தூரத்தில நிண்டே பத்துக் கோல் அடிச்சிருப்பாங்கள்.”

அவர் கெஞ்சிக் கேட்டது ஒன்றே ஒன்று. சாமத்திய வீடு முடியும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் சனம் துக்கம் விசாரிக்க வருகிற முகத்தோடு வரும். பிள்ளைக்கு அது ஒரு நாள்தான், அது சந்தோசமாக இருக்கட்டும் என்றார். நான் வாக்குக் கொடுத்து, கார்டை இரண்டு கையாலும் வாங்கினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர்கள் போனபின் பன்னிரண்டாவது தடவையாக வீடியோவைப் போட்டேன். இந்த முறை எதிரூர்க் கப்டனை மட்டும் பார்த்தேன். நான்கு இடங்களில் கோலுக்கு நேரே பந்தோடு நிற்கிறார். நான்கு தடவையும் நிமிர்ந்து எங்கள் கீப்பரைப் பார்க்கிறார். பந்தைப் பக்கத்தில் தட்டிவிடுகிறார். அந்த ஆட்டத்தில் யாராவது தன் ஊருக்கு வஞ்சகம் செய்தார் என்றால் அது அவர்தான். அதைத்தான் நாங்கள் கம்பளத்தில் இருந்து சிரித்துப் பார்த்தோம்.

அடுத்த கிழமை வீடு வீடாகப் போனேன். உண்மையைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் “நான் பிழையா நினைச்சிட்டன், வாங்கோ போவம்,” என்று மட்டும் சொன்னேன். ஏன் திடீரென்று இப்படி என்று கேட்டார்கள். ஒரு வீட்டில், “உமக்கும் பாண் கொம்பனியில வேலை கிடைச்சிட்டுதோ?” என்றார்கள். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம் எனக்கே திரும்பி வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

பட்டறையில் அயர்லாந்துக்காரரிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அவர் யாருக்குச் சொல்லப்போகிறார். கேட்டு முடித்ததும், திரும்பப் போட்டுப் பார்க்கத் தங்களிடம் வீடியோவும் இல்லை, வெறும் வாய்தான் இருந்தது என்றார். அந்த வருடம் தன் பள்ளித் தோழனுக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்டு போட்டதாகப் பிறகு சொன்னார். பதில் வரவில்லை.

சாமத்திய வீட்டு மண்டபத்தில் எங்கள் ஊருக்கென்று ஒதுக்கிய வரிசைகளில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. பிள்ளையை மேடைக்குக் கூட்டிவரப் போகிறார்கள். தகப்பன் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது எதிரூர்க் கப்டன் பின்வரிசையில் இருந்து எழும்பினார். தன் ஊர்ச் சனத்திடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர்கள் ஒவ்வொரு குடும்பமாக எழும்பி வந்து, எங்கள் ஆட்கள் வராத கதிரைகளில் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளை மடியில் இருந்து இறக்கித் தனிக் கதிரையில் இருத்தினார்கள். எங்கள் வரிசைகளில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை.

கீப்பர் என்னிடம் வந்தார். தலையைச் சரித்து, முகங்கள் தெரியாத அந்த மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நிறைந்திருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கட ஊர்ச் சனம் முழுக்க வந்திட்டுது போல, அண்ணை.”

“ஓம்,” என்றேன்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவரைச் சந்தேகப்பட்ட என்னை, அவர் அந்த ஒரு சொல்லுக்குக்கூடச் சந்தேகப்படவில்லை. யார் மீதாவது எனக்குச் சந்தேகம் எழும்போதெல்லாம், அந்த ‘ஓம்’ என்ற சொல்லைக் கேட்டு மலர்ந்த அவருடைய முகம்தான் இன்றும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.