கொண்டை வண்டியும் தொப்பிப் படமும்

ஒழுகினசேரி லாரி புக்கிங் ஆபீஸ் சுவரில் அந்த நோட்டீசு இன்னும் தொங்குகிறது. பிளாஸ்டிக் உறை போட்டது, கரையானுக்குக்கூட வேண்டாம். அதில் நீலத் தொப்பி வைத்துக்கொண்டு ஞானசிங் சிரிக்கிறான். அடியில் கொட்டை எழுத்தில், 'எந்தக் காற்றும் என் வண்டியை அசைக்காது! ஞானசிங், முப்பது வருட அனுபவம்' என்று போட்டிருக்கிறது. லோடு கேட்கப் படி ஏறும்போதெல்லாம் யேசுரத்தினம் அந்தச் சுவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வான். ஞானசிங் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது நேர் எதிர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டவன் யேசுரத்தினம்.

இரண்டு பேரும் பொன்னுலிங்கம் முதலாளியிடம் லாரி ஓட்டியவர்கள். ஞானசிங் ஈத்தாமொழிக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தேங்காய் நார்த் தும்பு லாரியில் கட்டுத் தூக்கப் போனான், பிறகு ஸ்டியரிங் வளையம் பிடித்தான். இளவயதில் வடக்கே கம்பெனியிலிருந்து மொட்டை சேஸை ஓட்டிக் கொண்டுவரும் வேலை பார்த்திருக்கிறான். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பலகை, அதன்மேல் மனுசன். தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள். ஊர் வந்து சேரும்போது கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்குமாம். காற்று எங்கே குத்தும், எங்கே தள்ளும் என்பதை அவன் முகத்தோலால் படித்தவன்.

சேஸ் வந்த பிறகு பாடி கட்டுவது நம்மூர் ஆசாரி. மரக் கேபின். டிரைவருக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கப் பலகை. எங்கே முட்டினாலும் ஒரு சுத்தியல், நாலு ஆணி, காரியம் முடிந்தது. அந்த வண்டிகளைத்தான் இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பொன்னுலிங்கம் புது மாதிரி வண்டி ஒன்று எடுத்தார். கம்பெனியே கட்டிய கேபின். மூக்கும் முழியும் வழித்துவிட்டதுபோல் வழுவழுப்பு. பின்னால் நாலுபக்கமும் அடைத்த உயரப் பெட்டி. கேபின் தலையில் பைபரில் வளைத்து ஒரு கொண்டை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம், டீசல் மிச்சமாகுமாம். சாவியை ஞானசிங் கையில் கொடுத்தார். மூத்த டிரைவருக்கு மரியாதை என்றார்.

முதல் வாரத்திலேயே தக்கலை வேகத்தடையில் முன் பம்பர் கிழிந்தது. தாழ்வாக வைத்தால்தான் காற்று அடியில் நுழையாதாம். வேகத்தடை நுழையுமே, அதை எந்த எஞ்சினியரும் யோசிக்கவில்லை. கொண்டை புளியமரக் கொப்பில் இடித்து இரண்டு இடத்தில் கீறிவிட்டது. கண்ணாடி பூராவும் வெயில். ஏசி போட்டால் டீசல் தின்கிறது என்று முதலாளி ஏசுவார். படுக்க நினைத்தால் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாது.

"சவம், இது லாரியா? சவப்பெட்டிக்குச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வச்சிருக்கானுவ" என்பான் ஞானசிங்.

அந்த வருஷமே கம்பெனிக்காரர்கள் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டிரைவர்களின் கருத்து வேண்டுமாம். வந்தவனுக்கெல்லாம் ஒரு நீலத் தொப்பி, ஒரு பை, மதியம் பிரியாணி. சட்டையை இன் பண்ணிய ஒரு பையன் திரையில் படம் காட்டினான். நீலக் கோடுகளாகக் காற்று வந்து, கொண்டையில் ஏறி, பெட்டிமேல் வழுக்கிப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். பிரியாணி மணம் வந்துவிட்டது, தட்டாமல் என்ன செய்வார்கள்?

யேசுரத்தினத்துக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஞானசிங் எழுந்து மைக்கை வாங்கினான்.

"தம்பி, ஒனக்க படத்துல காத்து நேர எதுத்தாப்புல வருது. எங்க முப்பந்தலுல வெலாவுல வரும், கேட்டியா. ஆனி ஆடியில மலையிடுக்குல பொத்துட்டு வந்து பள்ளையில குத்தும். ஒனக்க பெட்டி ஒரு செவரு. செவத்த தள்ளுகதுக்குக் காத்துக்குச் சொல்லியா கொடுக்கணும்? அடியில கனம் இல்லாம தும்பு ஏத்துனா இந்த வண்டி கவுந்துரும்."

"நல்ல கருத்து அண்ணா. மைலேஜ் எப்படி இருக்கு?" என்றான் பையன்.

"களியக்காவிளை வரைக்கும் நாப்பதத் தாண்டாத ரோடு. நாப்பதுல காத்தக் கிழிச்சு நீ எங்கயாக்கும் போகப்போற?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பையனும் சிரித்தான். ஞானசிங்கும் சிரித்தான், அந்த நேரம் பார்த்து ஒருவன் படம் எடுத்தான். மூன்று மாதம் கழித்து அந்தச் சிரிப்புதான் நோட்டீசில் வந்தது, அடியில் அந்தப் பொய்யோடு.

"முதலாளி, அதக் கழத்துங்க. நான் அப்படிச் சொல்லேல்ல" என்று கேட்டுப் பார்த்தான்.

"ஓய், படத்துல வந்துட்டீரு, சந்தோசப்படும். நம்ம ஆபீசுக்கும் ஒரு அந்தஸ்துல்லா" என்றார் பொன்னுலிங்கம்.

தும்பு ஏற்றுவதில் ஞானசிங்குக்கு ஒரு முறை உண்டு. தும்பு பார்க்க மலை, எடையில் பஞ்சு. அதனால் அடியில் இருபது மூட்டை தேங்காய் போட்டு, அதன்மேல்தான் கட்டுகளை அடுக்குவான். ஆரல்வாய்மொழி போனதும் ரோட்டோரப் பனைகளைப் பார்ப்பான். ஓலை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் வண்டியை ஓரம் கட்டி டீ சொல்லிவிடுவான். ஓலை நிமிர்ந்த பிறகுதான் முப்பந்தல்.

புது வண்டி வந்ததும் தேங்காய் மூட்டை நின்றது. கனம் டீசலைத் தின்னும் என்று முதலாளிக்கு யாரோ ஓதியிருந்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் மிஷின் ஒன்றும் பொருத்தியிருந்தார்.

அடுத்த ஆனியில் ஒரு மத்தியானம். ஞானசிங் கொண்டை வண்டியில் கோயம்புத்தூருக்கு வெறும் தும்பு. யேசுரத்தினம் பின்னால் பழைய மர வண்டியில் தேங்காய். ஆரல்வாய்மொழியில் ஓலை எல்லாம் கிழக்கே படுத்துக் கிடந்தது. இரண்டு வண்டியும் நின்றது. டீ வாயில் படவில்லை, போன் வந்துவிட்டது.

"வண்டி ஏன் ஓய் நிக்குது?"

"ஓல படுத்துக் கெடக்கு முதலாளி. ஒரு மணிக்கூறு போட்டும்."

"ஓலையப் பாத்து வண்டி ஓட்டுகதுக்கா இவ்வளவு பெரிய வண்டி எடுத்துத் தந்தேன்? எந்தக் காத்தும் அசைக்காதுன்னு படத்துல நிக்கது நீருதானே? எடும் வேய்!"

ஞானசிங் டீயை மண்ணில் ஊற்றினான். "வாறியாடே செவடா" என்றான் யேசுரத்தினத்தைப் பார்த்து. ஆரன் சத்தம் காதில் விழாமல் ஓட்டுகிறவன் என்று அவனுக்கு அப்படி ஒரு பட்டப்பேர் வைத்திருந்தான்.

முப்பந்தல் தாண்டி ஒரு பர்லாங்கு இருக்கும். இடது பள்ளையில், வண்டியின் விலாவில், காற்று அடித்தது. யேசுரத்தினத்தின் வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றுகொண்டது, தேங்காய்க் கனம். முன்னால் போன பெட்டி, தூக்கம் வந்த யானைபோல் மெல்லச் சரிந்தது. வலது பக்கம். டிரைவர் இருக்கிற பக்கம். கொண்டை தெறித்துப் போய்க் ரோட்டோரக் காற்றாலைக் கம்பத்தின் அடியில் கிடந்தது. இடுப்பு நொறுங்கிய ஞானசிங்கைக் கண்ணாடி வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

பத்தாம் நாள் புக்கிங் ஆபீசில் விசாரணை. இன்சூரன்சு ஆள், கம்பெனி ஆள், முதலாளி. ஞானசிங் ஆஸ்பத்திரியில். வண்டி முப்பத்தைந்தில் போனதென்று அதே மிஷின்தான் காட்டியது. அதை ஒருவனும் கேட்கவில்லை. கம்பெனி ஆள் சுவரைக் காட்டினான். "அவரே சர்டிபிகேட் கொடுத்திருக்கார் பாருங்க. வண்டியில குறை இல்லை."

இன்சூரன்சு ஆள் யேசுரத்தினத்தைக் கேட்டார். "நீங்க அந்தக் கூட்டத்துல இருந்தீங்களா? இப்படித்தான் சொன்னாரா?"

பொன்னுலிங்கம் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. யேசுரத்தினத்துக்கு மகள் டெல்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். முதலாளியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

"பிரியாணி வெளம்புன சத்தத்துல சரியா கேக்கல்ல சார்" என்றான்.

ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எழுதி முடித்து டீ குடித்தார்கள். அவனுக்கும் ஒன்று கொடுத்தார்கள், அதையும் வாங்கிக் குடித்தான். அந்தச் சனியன் டீயின் ருசி இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

ஞானசிங் பிறகு வளையம் பிடிக்கவில்லை. லைசென்சும் போயிற்று, சொல்லும் போயிற்று. "காத்து அசைக்காதுன்னவன் வாறான்" என்று பழைய கூட்டாளிகளே கேலி பேசினார்கள். கம்பை ஊன்றி ரோட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். நாலு வருஷம் கட்டில்தான். யேசுரத்தினம் ஞாயிறு தோறும் போவான். விசாரணையில் கேட்காத காதைப் பற்றி ஞானசிங் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வா செவடா" என்பான், முன்பு போலவே. முன்பு போல அது சிரிப்பாக இல்லை.

இரண்டாயிரத்துப் பதினாறு ஆனியில் ஒரு ஞாயிறு, மூத்திரக் கோளாறு முற்றி ஞானசிங் முகம் வீங்கிக் கிடந்தபோது, மனைவி ராகேல் தண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து அவன் தலையணைக்கடியில் கையை விட்டான். முதன்முதலில் எடுத்த பழைய லைசென்சை யேசுரத்தினத்தின் கையில் வைத்தான். அதில் தபால்தலை அளவில் ஒரு படம். முறைத்துக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயசு முகம்.

"நான் செத்தா நீங்க டிரைவர்மாருதான் அஞ்சலி போஸ்டர் அடிப்பிய. ராகேலு அந்தத் தொப்பிப் படத்த வெட்டி பிரேம் போட்டு வச்சிருக்கா. அதுல நான் நல்லா சிரிச்சிட்டு இருக்கேனாம், போஸ்டருக்கு அதத்தான் எடுத்து நீட்டுவா. வாங்காத."

"சரி."

"இந்தப் படத்தக் கொண்டு போய்ப் பெரிசாக்கிப் போடு. பேரப் போடு, தேதியப் போடு. மக்கா, படத்துக்கு அடியில மட்டும் ஒருத்தனும் ஒண்ணும் எழுதண்டாம். இது கேட்டுதா?"