கழுத்தும் கண்காணிப்புக் கிணறுகளும்

சட்டைக் காலரில் பேட்ஜைக் குத்தும்போதுதான் அந்தக் கட்டி விரலில் பட்டது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம், ஊறவைத்த பட்டாணி அளவு. வலி இல்லை. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது.

பேட்ஜ் என்றால் பெயர் அட்டை அல்ல. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்கும் சின்ன வில்லை. நான் நிலத்தடி நீர் ஆய்வாளர். டெக்சாஸில், எங்கள் வீடு இருக்கும் காப்பெல்லிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் காரோட்டிப் போனால், முன்பு அணு ஆயுதங்களுக்கு உலோக உதிரிகள் செய்த ஆலை இருந்த இடம் வரும். பெயர் வேண்டாம். பனிப்போர் முடிந்ததும் அதை மூடினார்கள். கட்டடங்களை இடித்து, அசுத்தமான மண்ணைத் தோண்டி, ஒரு மூலையில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் பரப்பிப் புதைத்து, மேலே புல் வளர்த்தார்கள்.

மீதி நிலத்தைப் பூங்காவாக ஊருக்குத் திறந்துவிடுவது திட்டம். புதைத்தது புதைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று, சுற்றிலும் துளைத்த கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது என் வேலை. ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று, "தைரியமாக நடக்கலாம், நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம்" என்று சொல்வதும் நான்தான். பேச்சில் நான் கெட்டிக்காரி.

இது 2006-இல் நடந்தது. பயாப்ஸி (கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். பாப்பில்லரி கார்சினோமா என்றார் டாக்டர். தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோய்களில் மெதுவாக வளரும் வகை. "இருப்பதிலேயே நல்ல புற்றுநோய்" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நம் ஊரில் நாகத்துக்கும் நல்ல பாம்பு என்றுதான் பெயர்.

மருத்துவமனை பார்க்கிங்கில் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார் என் கணவர் முரளி.

"போதும் வாசு. நாளைக்கே ரிசைன் பண்ணிடு. அங்கேருந்துதான் இது வந்திருக்கு."

"பேட்ஜ்ல ஒரு தடவைகூட எதுவும் ஏறினதில்ல, முரளி."

"பேட்ஜாவது மண்ணாவது. நிலாவுக்கு ஒன்பது வயசுதான் ஆகுது. அதை யோசி."

மகளை நினைத்து நான் யோசித்தேன். பிழைத்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வேலிக்குள் திரும்பப் போவேனா, போனால் ஊரார் முன் நின்று அதே வாயால் பேச முடியுமா என்பதுதான் என்னைத் தின்ற கேள்வி.

அறுவை சிகிச்சையில் சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். அடுத்தது கதிரியக்க அயோடின். தைராய்டு செல்கள் அயோடினுக்கு அலையும். அதனால் கதிரியக்கம் ஏற்றிய அயோடினை விழுங்கவைத்தால், மிச்சம் மீதி செல்கள் அதைத் தின்று சாகும். அதற்கு முன் உடம்பை அயோடினுக்குப் பட்டினி போட வேண்டும். கடை உப்பு, பால், தயிர், முட்டை, மீன் எதுவும் கூடாது. சுரப்பிக்குப் பதிலாகத் தரும் தைராய்டு மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். சுரப்பியும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் இருப்பது பெரிய கொடுமை. டெக்சாஸ் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

எதிர்வீட்டு ஜமீலா காயல்பட்டினத்துக்காரி. சமையலை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத சட்னி, தினம் சுடச்சுட இட்லி. தயிர் சாதம் இல்லாத வாழ்க்கையை அந்த இட்லிதான் தாங்கிப்பிடித்தது. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் சிறுநீரில் அயோடின் எக்கச்சக்கம். தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

ஜமீலா என் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்தவள் இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.

"அய்யோ வாசு! மாவு கரைக்கும்போதே உப்பு போட்டுட்டேன்டி! கைப்பழக்கம். இந்த ஊரு டப்பா உப்பு, முழுக்க அயோடின்!"

சட்னியில் ஒரு கல் உப்பு விழாமல் காத்தவர்கள், இட்லியில் கோட்டைவிட்டோம். அசுத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கிணறு கிணறாகத் தேடுகிறவளுக்கு வீட்டு மாவு கண்ணில் படவில்லை. இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை, அந்த நிலையிலேயே இன்னும் இரண்டு வாரம் கிடக்க வேண்டும். உங்களுக்கும் இதே வைத்தியம் என்றால் மாவு, ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

மருந்து விழுங்கியதும் தனியறையில் வைத்தார்கள். கதவருகே நின்று ஒரு பணியாளர் கதிர்வீச்சு அளக்கும் கருவியை என் பக்கம் நீட்டினார். அது நான் அன்றாடம் கையில் பிடிக்கும் கருவி. கடகடவென்று கத்தியது. எங்கள் நிலத்தில் ஒரு பிடி மண் இப்படிக் கத்தியிருந்தால் அன்றைக்கே வேலி போட்டிருப்போம். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் நிலா என் அருகில் வரக் கூடாது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கையாட்டுவாள். வாழ்க்கையில் நான் பட்ட கஷ்டங்களில் அந்த ஒரு வாரத்துக்கு ஈடு இல்லை.

முரளியின் கேள்வியை அவர் முன்னாலேயே டாக்டரிடம் கேட்டேன். வேலையிடத்தால் வந்ததா? பேட்ஜ் பதிவுகளை வாங்கிப் பார்த்த டாக்டர், "அதுதான் காரணம் என்று நினைக்க எனக்கு ஆதாரம் இல்லை. அது இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை" என்றார்.

"குணமாகிவிட்டதா?"

"இப்போது நோயின் தடயம் இல்லை. தைரோகுளோபுலின் (தைராய்டு செல் மிச்சமிருந்தால் ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் புரதம்) அளவைப் பார்த்துக்கொண்டே இருப்போம்."

"எத்தனை வருடம்?"

"நீங்கள் இருக்கும்வரை."

ஊர்க் கூட்டத்தில் நான் சொல்லும் பதில்தான் அது. அங்கே அதைக் கேட்டதும் மக்களுக்கு ஏன் கோபம் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாத்திரை மறுபடி ஏற ஏற உடம்பு தெளிந்தது. வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்றேன். முரளி சம்மதிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் தமிழ்ச் சங்கம் கோடைப் பிக்னிக்கைப் புதிய பூங்காவில் வைப்பதாக இருந்தது. சங்கத்தின் சுந்தரம் அங்கிள் போன் செய்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. உனக்கே இப்படி ஆயிடுச்சுன்னு எல்லாரும் பயப்படறாங்க. கொழந்தைங்க வர்ற எடம் இல்லையா."

"கூட்டத்துக்கு வாங்க அங்கிள். எல்லார் முன்னாலயும் கேளுங்க."

வந்தார். திறப்புக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆங்கிலத்தில், மரியாதையாகவே கேட்டார்: உங்கள் புற்றுநோய் இந்த இடத்தால் வந்ததா? சொந்த விஷயம், பதில் சொல்லத் தேவையில்லை என்று என் மேலாளர் காதருகே சொன்னார். பின்வரிசையில் முரளி உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். என் பேட்ஜ் காட்டியதையும் டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். "அந்த மூலையில் புதைத்தது எங்கும் போய்விடவில்லை. அதைச் சுற்றி நாங்கள் காவல் இருக்கிறோம். நடைபாதையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். ஆனால் தண்ணீரை யார் பார்க்கிறார்கள், இந்த வருடம் பார்த்தார்களா என்று நீங்கள் ஒவ்வொரு வருடமும் கேளுங்கள். பதில் வராத வருடம் வராதீர்கள்."

கைதட்டல் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் முரளி சொன்னார்: "தெரியாதுன்னு நீ சொன்னப்ப செம கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், தெரியும்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "வேலைக்குப் போ. ஆனா உன் செக்கப் ஒவ்வொண்ணுக்கும் நான் கூட வருவேன்" என்றார்.

சங்கத்தார் பிக்னிக்கை வழக்கமான ஏரிக்கரையிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வருத்தம்தான். திறப்பு நாளன்று சுந்தரம் அங்கிள் மட்டும் வாக்கிங் ஷூ மாட்டிக்கொண்டு தனியாக வந்தார். முரளி நிலாவைக் கூட்டி வந்தார்.

இப்போதெல்லாம் என் நாட்களை ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை என்றுதான் எண்ணுகிறேன். கழுத்துத் தழும்பை நான் மறைப்பதில்லை. இந்த உடம்பு என்னிடம் பராமரிப்புக்குக் கொடுத்திருக்கும் இடம். பயந்துகொண்டு பராமரிக்க முடியாது.

திறப்பு நாளன்று கிணற்று மூடி ஒன்றைக் காட்டி நிலாவுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"சோ, இட்ஸ் நெவர் ஓவர், அம்மா? இதுவும், உன்னோடதும்?"

"ஆமாடா. முடியாது. பாத்துட்டே இருக்கணும்."

"ஓகே" என்றாள். பிறகு நடைபாதை நீளமானது, குட்டையானது என்று இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்த பலகையைப் படித்தாள். "கேன் வீ டூ த லாங் ஒன்?"

முரளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர்தான் முதலில் நடந்தார்.