ஆசான் தொட்ட முதுகு

“உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படி நெஞ்சும் முதுகும் வலிச்சு, திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று டாக்டர் கேட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெரியப்பா, பக்கத்தில் நின்ற என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “இல்ல. யாரும் இல்ல” என்றார். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நடந்தது இது. மூன்று வருடம் ஆகிறது. இன்றும் அந்த ‘இல்ல’வை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. அப்படி இறந்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி, என் அப்பா.

அப்பா இறந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பத்மநாபபுரத்துக்கு மேற்கே. அடுத்த வீட்டில் ஒரு வர்ம ஆசான் இருந்தார். சுளுக்கு, சதைப்பிடிப்பு, எலும்பு முறிவு என்று தினமும் அவர் முற்றத்தில் ஆள் நிற்கும். வேலியை யார் அரையடி தள்ளி நட்டது என்று அப்பாவுக்கும் அவருக்கும் ஒருநாள் வாய்த்தகராறு. அப்பா வெட்டுகத்தியோடு பாய்ந்தார். ஆசான் ஒதுங்கி, அப்பாவின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பதினோராம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா, தோள்பட்டைகளுக்கு நடுவே கையைக் கொண்டுபோக முயன்றபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். “உள்ள துணி கிழியுத மாதிரி கிழியுது மக்கா” என்றார். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிவிட்டது. கார் தக்கலையைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வர்மத்துக்கு மதிப்பு உண்டு, அதைவிடப் பயம் அதிகம். சில இடங்களில் அடி விழுந்தால் உடனே ஒன்றும் தெரியாது, கணக்காக இத்தனையாம் நாள் உயிர் போகும் என்பார்கள். பெரியப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. பிணத்தைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன்பே முற்றத்தில் நின்று, “எனக்க தம்பிய நாள் குறிச்சுக் கொன்னுட்டான்” என்று கத்தினார். அறுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னபோது, “வர்மம் அறுத்தா தெரியுமாலே?” என்று சீறியவரும் அவர்தான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததோ, மாத்திரையைத் தூரப் போட்டுவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்ததோ யாருக்கும் நினைவு வரவில்லை. ஆசான் முற்றத்துக்கு ஆள் வருவது நின்றது. நானும் நம்பினேன். ஆசானின் மனைவி எதிரே வந்தால் காறித் துப்பியிருக்கிறேன். எழுதவே கேவலமாக இருக்கிறது, ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது.

அவசரப் பிரிவில் பெரியப்பாவின் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வலக்கைக்கும் இடக்கைக்கும் பெரிய வித்தியாசம். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே வழி பிடித்து ஓடுகிறது என்றார் டாக்டர். அடக்கி வைக்காத ரத்த அழுத்தம் செய்யும், புகையிலை செய்யும், சில குடும்பங்களில் அந்தச் சுவரே பிறவியில் பலம் குறைந்தது, அப்படியானால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் பெரியப்பா ‘இல்ல’ என்றார். “பொய் டாக்டர். எனக்க அப்பா இதே மாதிரிதான் செத்தாரு” என்றேன். உயிர் போகிற வலியிலும் அந்த மனிதர் தலையைத் தூக்கி, “ஏட்டி, வாய மூடு” என்றார்.

அன்றே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். நெஞ்சைத் திறந்து, கிழிந்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, நெய்த செயற்கைக் குழாய் ஒன்றை அங்கே தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். என்னையும் சோதித்தார்கள். என் பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டியதைவிட அகன்றிருக்கிறது. அழுத்தத்தையும் துடிப்பையும் குறைக்க மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், பாரம் தூக்கக்கூடாது, இன்னும் அகன்றால் எனக்கும் அறுவை. என் மகனுக்கு இதுவரை ஒன்றுமில்லை. பெரியப்பா சொன்னதை டாக்டர் நம்பியிருந்தால், ஒருநாள் பல் தேய்க்கும்போது நானும் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

என் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். “இப்ப சொல்லுங்க, அப்பாவ யாரு கொன்னா?” அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு வந்தது நோயி. உனக்க அப்பனுக்கு வந்தது அடி” என்றார். இருபது வருடத்துக்கு மேல் கொலையுண்டவனின் அண்ணனாக ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர். அந்தப் பகையை விட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள என் உயிரையும் கொடுக்கத் துணிந்துவிட்டார். பெற்ற தகப்பன் ஸ்தானம் என்பார்கள். எனக்கு அவர்மேல் வெறுப்புதான் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆசான் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவர் மனைவியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வாசலிலேயே நின்று, அப்பா செத்தது ரத்தக்குழாய் கிழிந்து, எங்கள் குடும்பத்தில் ஓடுகிற நோய் அது, எனக்கும் இருக்கிறது, உங்கள்மேல் போட்டது வீண்பழி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் படியிறங்கி என் பக்கத்தில் வந்தார்.

“அப்ப கொன்னது அவருக்க கை இல்லியா மக்களே?” என்று கேட்டார்.

“அவருக்க கை இல்ல மாமி.”

“சாவுத வரைக்கும் தனக்க கைதான்னு நம்பிட்டிருந்தாரு. தள்ளும்போ அறியாம எங்கயோ வர்மத்துல பட்டிருக்கும்னு பறைவாரு. அதுக்கு அப்புறம் ஒரு மனுசனத் தொடல்ல. பேரப்பிள்ளையக்கூட ஒருக்கா தூக்கல்ல மக்களே.”