தொட்டி காய்ந்த தீவு வீடு

ஐயா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! மூத்த மகள் எழுதுகிறேன். ஐயாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வீட்டைப் பற்றித்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம், 'தீவு வீடு' என்று நீங்கள் சொல்லும் வீட்டில்தான் ஐயா பிறந்தார்கள். அவர்களுடைய பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி, கரிபியன் தீவொன்றில் பல காலம் பாடுபட்டுத் திரும்பியவர். அங்கே கண்ட துரை வீட்டின் சாயலில் இங்கே கட்டினார். இடுப்பளவு கல்தூண்களின் மேல் பலகைத் தளம், காற்றுக்கு வழிவிடும் சாய்பலகைச் சன்னல்கள், சரிந்து இறங்கும் தகரக் கூரை. கூரையில் விழும் மழை, சுற்றிலும் ஓடும் தகர வாரி வழியாக வீட்டுக்கு அடியில் உள்ள சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகும். மழை இல்லாத ஊரில் மழைக்கு வீடு கட்டிய மகராசன் என்று ஊர் சிரித்ததாம். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

ஐயா சிறுவயதிலேயே தகப்பனை இழந்து ஏர் பிடித்தவர்கள். முன்கோபி. ஆனால் கோடையில் குடத்தோடு வந்த யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. தொட்டியும் வறண்டது. தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினால்தான் பிழைப்பு என்று ஐயா முடிவுகட்டி, அந்தச் செலவுக்காகக் கூரைத் தகரத்தையும் வாரியையும் அருப்புக்கோட்டை வியாபாரிக்கு விலை பேசிவிட்டார்கள். அம்மா வாசலை மறித்தார்கள்.

"கூரையக் குடுத்துட்டா மழைத் தண்ணிய எதுல பிடிப்பீக?"

"மழையா? அது வந்தாத்தான பிடிக்கணும். தள்ளு."

வெடி வைத்து இரண்டு ஆள் ஆழம் இறங்கினார்கள். ஊறியது உப்புத் தண்ணீர். மாடுகூட வாய் வைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் கொட்டியது. ஓலை போட்ட ஓர் அறையில் நாங்கள் ஒடுங்கிக் கிடக்க, ஐயா கூரையில்லாத கூடத்தில் நனைந்தபடி அம்மாவின் சேலைகளைக் கட்டித் தண்ணீர் பிடித்தார்கள். தொட்டியில் முழங்கால் அளவுகூடச் சேரவில்லை. அதுவும் தை மாதத்தோடு தீர்ந்தது. சித்திரையில் ஊருணிக் கலங்கலைக் குடித்த என் தம்பி, வீட்டுக்குச் சின்னவன், ஐந்து வயதுப் பிள்ளை, வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போய்விட்டான்.

அதன்பின் ஐயா யாரிடமும் கோபப்படவே இல்லை. ஒருமுறையாவது எங்களைத் திட்டமாட்டார்களா என்று ஏங்கினோம். மழை பெய்தால் கூடத்தில் போய் நிற்பார்கள். கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். எப்படித் தேற்றுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

கடைசி வாரத்தில் நரிக்குடியிலிருந்து வண்டி கட்டி மருத்துவரை அழைத்துவந்த சித்தப்பாவுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த அத்தைமார்களுக்கும் எங்கள் நன்றி. ஐயாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. கேட்காமலே வீட்டுக்கொரு குடமாகக் கொண்டுவந்தீர்களே, தெருவாரே, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வோம்!

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஐயா போன அன்று காலையில் அவர்கள் வாயில் தண்ணீர் விடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்கள்.

"சின்னவனுக்குக் குடுத்தியா, தாயி?"

"குடுத்துட்டேன்யா" என்றேன்.

பிறகுதான் குடித்தார்கள்.